‘சிஸ்டம் ஸ்லோ’ என்று அழைப்பு வந்தால்: டேட்டாபேஸ் பர்ஃபார்மன்ஸ் கன்சல்டன்டின் வேலையும் வகுப்பும் பயணமும்

“சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, இரண்டு நாள் வந்து பார்த்துக் கொடுங்கள்.” ஆரக்கிள் டேட்டாபேஸின் வேகத்தைச் சரிசெய்யும் வேலை செய்பவருக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒற்றை வரிதான். இதை மட்டும் வைத்துக்கொண்டு விமானம் ஏறினால் முதல் நாள் முழுக்க மீட்டிங்கிலேயே போய்விடும். யாருக்கு ஸ்லோ, எந்தத் திரையில், எத்தனை மணிக்கு, இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு நேரத்தில் முடிந்தால் போதும் என்ற ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்கிவிட்டுத்தான் தேதி பேச வேண்டும். “இரவு 11 மணிக்குத் தொடங்கும் பில்லிங் பேட்ச் (batch, மொத்தமாக ஓடும் பில் வேலை) முன்பு 2 மணி நேரத்தில் முடியும், போன மாதத்திலிருந்து 6 மணி நேரம் இழுக்கிறது, காலை 4 மணிக்குள் முடிந்தாக வேண்டும்” என்று பதில் வந்தால் நல்ல தொடக்கம். “டேட்டாபேஸைப் பொதுவாக வேகப்படுத்த வேண்டும்” என்று வந்தால் மறுபடி கேளுங்கள். பொதுவான வேகம் என்று ஒன்றை அளக்க முடியாது. அளக்க முடியாததைச் சரிசெய்துவிட்டதாக யாரிடமும் காட்டவும் முடியாது.

அதே மெயிலில் கேட்க வேண்டிய மற்றவை: ஆரக்கிளின் எந்த வெர்ஷன், எந்தத் திருத்தத் தொகுப்பு (patch) வரை போட்டிருக்கிறது, எந்த எடிஷன், எத்தனை சிபியு கோர், ஆர்.ஏ.சி. (பல மெஷின் சேர்ந்து ஒரே டேட்டாபேஸை ஓட்டுவது) என்றால் எத்தனை நோடு, அப்ளிகேஷன் எந்த மொழியில் எழுதப்பட்டது, கனெக்‌ஷன் பூல் (பலரும் பகிர்ந்துகொள்ளும் டேட்டாபேஸ் இணைப்புகள்) உண்டா, பிரச்சினை தொடங்கிய நாளையொட்டி என்ன மாறியது. “ஒன்றும் மாறவில்லை” என்றுதான் முதலில் சொல்வார்கள். டேட்டா வளர்ந்திருக்கும், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (டேபிள்களில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு) புதிதாக எடுக்கப்பட்டிருக்கும், அப்ளிகேஷன் சர்வர் வேறு டேட்டா சென்டருக்குப் போயிருக்கும். இவை எதுவும் அவர்கள் கணக்கில் மாற்றமாக இராது. ஆகவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

லைசன்ஸ் கேள்வியை மறக்கவே கூடாது. ஏ.டபிள்யூ.ஆர். ரிப்போர்ட்டும் (டேட்டாபேஸ் தானே சேமித்துவைக்கும் செயல்பாட்டுக் கணக்கு) ஏ.எஸ்.எச். தகவலும் (எந்தச் செஷன், அதாவது எந்த இணைப்பு, எந்த நொடியில் வேலையில் இருந்தது என்ற பதிவு) ஆரக்கிளின் 10ஜி வெர்ஷனில் வந்தவை. இவற்றைப் பயன்படுத்த என்டர்பிரைஸ் எடிஷனோடு டயக்னாஸ்டிக்ஸ் பேக் என்ற தனி லைசன்ஸும் வேண்டும். சிக்கல் என்னவென்றால், என்டர்பிரைஸ் எடிஷனை நிறுவும்போதே இந்த வசதி தானாகத் திறந்திருக்கும். பணம் கட்டியிருக்கிறார்களா என்று சாஃப்ட்வேர் பார்ப்பதில்லை. ஆனால் பயன்படுத்தியதைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளும். வந்த கன்சல்டன்ட் ஒரு குவெரி ஓட்டிவிட்டுப் போக, ஆடிட்டில் வாடிக்கையாளர் பில் கட்ட நேரும். லைசன்ஸ் இல்லையென்றால் ஸ்டேட்ஸ்பேக் இருக்கிறது. 8ஐ காலத்திலிருந்து வரும் இலவசக் கருவி, ஸ்டாண்டர்ட் எடிஷனிலும் ஓடும். போவதற்கு ஒரு வாரம் முன்பே நிறுவச் சொல்லி, மணிக்கொரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து எண்களின் பதிவு) எடுக்க வைத்துவிட்டால், போய் இறங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நாளும் கெட்ட நாளும் கையில் இருக்கும். ஏ.டபிள்யூ.ஆர். உள்ள இடத்தில் ஒரு எச்சரிக்கை: 11ஜி முதல் அது தானாக வைத்திருப்பது 8 நாள் தகவலை மட்டும். மாதக் கடைசிப் பேட்ச்தான் பிரச்சினை, நீங்கள் போவது 15-ஆம் தேதி என்றால் ஆதாரம் அழிந்திருக்கும். 35 நாளாகவோ 40 நாளாகவோ கூட்டி வைக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதுங்கள்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் எல்லோரும் ‘டாப் டைம்டு ஈவென்ட்ஸ்’ (அதிக நேரம் தின்றவை) பகுதிக்குத்தான் தாவுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதற்கு மேலே உள்ள இரண்டு எண்கள். ஸ்னாப்ஷாட் இடைவெளி 60 நிமிடம், டிபி டைம் (எல்லாச் செஷனும் டேட்டாபேஸில் செலவிட்ட நேரத்தின் கூட்டுத்தொகை) 240 நிமிடம் என்றால் சராசரியாக 4 செஷன் வேலையில் இருந்திருக்கின்றன. 32 கோர் மெஷினில் இது ஓய்வு நிலை. இதைப் பார்த்துவிட்டு “டேட்டாபேஸ் நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்பவர் ஒன்றை மறக்கிறார்: இழுக்கும் பில்லிங் பேட்ச் ஒரே செஷன். மணி முழுக்க அது திணறினாலும் அந்த 240-இல் அதன் பங்கு அதிகபட்சம் 60 நிமிடம்தான். ரிப்போர்ட்டின் முதல் மூன்று வரிகள் வேறு யாருடைய வேலையைப் பற்றியோ இருக்கலாம். ஊர் முழுக்க எடுத்த சராசரியை வைத்து ஒரு வீட்டுப் பிரச்சினையைச் சொல்ல முடியாது. ஆகவே குறிப்பிட்ட அந்த வேலையை மட்டும் டிரேஸ் (ஒவ்வொரு படியும் எடுத்த நேரத்தின் பதிவு) எடுக்க வேண்டும்.

டிரேஸ் என்றால் ஆரக்கிளில் 10046 என்ற எண்ணுள்ள ஈவென்ட். லெவல் 8 போட்டால் வெயிட் (காத்திருந்த நேரம்) தகவல் வரும். லெவல் 12 போட்டால் அதோடு பைண்ட் மதிப்புகளும் வரும். பைண்ட் மதிப்பு என்றால் ஓடும்போது குவெரியில் நிரப்பப்படும் மதிப்பு: கணக்கு எண், தொலைபேசி எண், நோயாளியின் பெயர் எல்லாம் அப்படியே ஃபைலில் எழுதப்படும். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் ஜி.டி.பி.ஆர். என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. அந்த ஃபைலை லேப்டாப்பில் போட்டு ஓட்டலுக்கு எடுத்துப் போனால் சட்டச் சிக்கல். லெவல் 8 பெரும்பாலும் போதும். லெவல் 12 தேவைப்பட்டால் சர்வரிலேயே வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே அழிக்க வேண்டும். கனெக்‌ஷன் பூல் இருந்தால் ஒரு செஷனை டிரேஸ் செய்வதில் பயனில்லை. அதில் பத்துப் பேருடைய வேலை கலந்து வரும். அப்ளிகேஷன் தன் மாட்யூல், ஆக்‌ஷன் பெயர்களைப் பதிவு செய்தால் அந்தப் பெயரை வைத்து டிரேஸைத் திறந்து, பல டிரேஸ் ஃபைல்களை டிஆர்சிசெஸ் கருவியால் ஒன்றாகச் சேர்க்கலாம். டெவலப்பர்களிடம் முதல் நாளிலேயே கேட்டு வாங்க வேண்டிய சின்ன மாற்றம் இது. பின்னால் வரும் எல்லா வேலைக்கும் உதவும்.

இன்னொரு விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன். புரொடக்‌ஷனில் (அன்றாட வேலை நடக்கும் நிஜ சிஸ்டத்தில்) கன்சல்டன்ட் கீபோர்டைத் தொடக் கூடாது. அந்த இடத்து டி.பி.ஏ. (டேட்டாபேஸ் நிர்வாகி) டைப் செய்யட்டும், கன்சல்டன்ட் பக்கத்தில் உட்காரட்டும். ஏதாவது தவறினால் யார் செய்தது என்ற சண்டை வராது. அதைவிட முக்கியம், இரண்டு நாள் கழித்து கன்சல்டன்ட் போன பிறகும் அந்த டி.பி.ஏ.வுக்கு வழி தெரிந்திருக்கும்.

டிரேஸ் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும் ஒரு நோயைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஜாவாவில் எழுதிய ஒரு ரிப்போர்ட், 5 லட்சம் ரோ (டேபிளின் வரிகள்) எடுக்கிறது, 7 நிமிடம் ஆகிறது. ஏ.டபிள்யூ.ஆர்.-இல் அந்த எஸ்.க்யூ.எல். சில வினாடிகளுக்குமேல் எடுத்ததாகக் காட்டவில்லை. டி.பி.ஏ. “என் பக்கம் சரி” என்கிறார், டெவலப்பர் “டேட்டாபேஸ்தான் ஸ்லோ” என்கிறார். இருவர் சொல்வதும் அவரவர் இடத்தில் உண்மை. டிரேஸைச் சுருக்கிக் காட்டும் டிகேபிராஃப் கருவியில் போட்டால் ஃபெட்ச் (ரோக்களை எடுத்துவருவது) வரியில் எண்ணிக்கை 50,000, ரோ 5,00,000. ஒரு முறைக்குப் பத்து ரோ. ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஆரக்கிளின் ஜேடிபிசி டிரைவர் தானாக வைத்திருக்கும் ஃபெட்ச் அளவு 10, யாரும் மாற்றவில்லை. அப்ளிகேஷன் சர்வர் வேறு நகரத்தில், போய்வர 8 மில்லிசெகண்ட். 50,000 பெருக்கல் 8 மில்லிசெகண்ட் என்றால் 400 வினாடி. ரிப்போர்ட் எடுத்த நேரத்தில் பெரும்பகுதி கம்பியில் கழிந்திருக்கிறது.

இது ஏன் ஏ.டபிள்யூ.ஆர்.-இல் தெரியவில்லை? அந்த நேரம் ‘எஸ்க்யூஎல்நெட் மெசேஜ் ஃப்ரம் கிளையன்ட்’ என்ற வெயிட்டில் விழுகிறது. ஆரக்கிள் அதை ஐடில் (சும்மா இருக்கும் நேரம்) என்று வகைப்படுத்தியிருக்கிறது. ஐடில் வெயிட் டாப் பட்டியலில் வராது, டிபி டைமில் சேராது, ஏ.எஸ்.எச். அந்த நொடியில் அந்தச் செஷனை எடுக்கவே எடுக்காது. பயனர் டீ குடிக்கப் போயிருந்தாலும் இதே வெயிட்தான், நெட்வொர்க்கில் பாக்கெட் போய்க்கொண்டிருந்தாலும் இதே வெயிட்தான். பிரித்தறிய டிரேஸில் ஒவ்வொரு வெயிட்டின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 50,000 முறை, எல்லாமே 8 மில்லிசெகண்டை ஒட்டி இருந்தால் அது மனிதன் யோசிக்கும் நேரம் அல்ல.

ஃபெட்ச் அளவை 500 ஆக்கினால் 1,000 பயணம், போக்குவரத்துக்கு 8 வினாடி. ஒரு முறைக்குப் போகும் டேட்டா பெரிதாவதால் கொஞ்சம் கூடுதலாகும், ஆனால் நிமிடக் கணக்கில் இராது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 10ஜி, 11ஜி காலத்து டிரைவர்கள் டேபிளின் ஒவ்வொரு காலத்தின் (column, நெடுவரிசை) அதிகபட்ச நீளத்துக்கும் முன்கூட்டியே மெமரி ஒதுக்கிவிடும். 4,000 எழுத்து வார்சார் காலம் ஒன்று, எழுத்துக்கு 2 பைட், 500 ரோ என்றால் அந்த ஒரு காலத்துக்கே 4 எம்பி. அப்படிப் பத்துக் காலம், ஐம்பது கனெக்‌ஷன் என்றால் ஜாவா ஹீப் (ஜாவா புரோகிராமின் மெமரி) படுத்துவிடும். பழைய டிரைவராக இருந்தால் அந்த ஒரு ரிப்போர்ட்டுக்கு மட்டும் அளவை ஏற்றுங்கள், பொது செட்டிங்கில் கை வைக்காதீர்கள்.

டேட்டாபேஸுக்குள்ளேயே நேரம் போகிறது என்றால் எக்ஸிக்யூஷன் பிளான் (குவெரியை எந்த வழியில் ஓட்டியது என்ற திட்டம்) பார்க்க வேண்டும். ‘எக்ஸ்பிளெயின் பிளான்’ காட்டுவதை நம்பாதீர்கள். அது பைண்ட் வேரியபிளின் மதிப்பை எட்டிப் பார்ப்பதில்லை, எல்லா பைண்டையும் எழுத்து வகையாகவே எடுத்துக்கொள்ளும். உண்மையில் ஓடிய பிளான் வேறாக இருக்கலாம். குவெரியில் கேதர் பிளான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஹின்ட் போட்டு ஓட்டிவிட்டு, டிஸ்பிளே கர்சரை ‘ஆல்ஸ்டாட்ஸ் லாஸ்ட்’ வடிவத்தில் எடுத்தால், ஆப்டிமைசர் (பிளானைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) எதிர்பார்த்த ரோவும் உண்மையில் வந்த ரோவும் பக்கத்துப் பக்கத்தில் வரும். எதிர்பார்ப்பும் உண்மையும் முதன்முதலில் எங்கே பெரிதாகப் பிரிகின்றனவோ அங்கேதான் விசாரணையைத் தொடங்க வேண்டும்.

அதைப் படிப்பதில் பலரும் ஓரிடத்தில் வழுக்குகிறார்கள். நெஸ்டட் லூப்பின் (ஒரு டேபிளின் ஒவ்வொரு ரோவுக்கும் மற்றொன்றில் தேடும் முறை) உள்பக்கத்தில் ‘ஸ்டார்ட்ஸ்’ 20,000, ‘இ-ரோஸ்’ 1, ‘ஏ-ரோஸ்’ 20,000 என்றிருக்கும். உடனே “ஒன்று என்று நினைத்தது, இருபதாயிரம் வந்துவிட்டது” என்று ஸ்டாட்டிஸ்டிக்ஸைக் குறை சொல்வார்கள். இ-ரோஸ் ஒரு முறைக்கான மதிப்பீடு. ஏ-ரோஸ் எல்லா முறைக்கும் சேர்த்த கூட்டுத்தொகை. 20,000 பெருக்கல் 1 என்றால் கணிப்பு அச்சாகச் சரி. போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொரு டேட்டாபேஸின் பக்கம் போனால் இது தலைகீழ். அங்கே ‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ காட்டும் உண்மையான ரோ எண்ணிக்கை ஒரு லூப்புக்கான சராசரி, மொத்தம் வேண்டுமானால் லூப்ஸால் நாம்தான் பெருக்க வேண்டும். இப்போது பல நிறுவனங்கள் இரண்டையும் வைத்திருப்பதால் காலையில் ஒன்று, மதியம் மற்றொன்று என்று பார்க்க நேரிடும். போஸ்ட்கிரெஸில் அனலைஸ் போட்டால் குவெரி நிஜமாகவே ஓடும். அப்டேட், டெலீட் என்றால் பிகின் போட்டு ஓட்டி ரோல்பேக் செய்யுங்கள்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது கடிகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். சர்வர் ஃபிராங்க்ஃபர்ட்டில், அப்ளிகேஷன் லாக் யுடிசியில், பராமரிப்புக் குழு சென்னையில், புகார் செய்பவர் லண்டனில் என்பது இன்று சாதாரணம். “நேற்று 3 மணிக்குத் தொங்கியது” என்று சொன்னால் எந்த ஊர் 3 மணி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போன ஏ.டபிள்யூ.ஆர். ரிப்போர்ட்டில் குற்றவாளி இருக்க மாட்டான், ஆனால் யாரோ ஒருவர் மாட்டிக்கொள்வார். அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவதால் அன்று இரவு ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். அந்த வாரத்துப் பேட்ச் லாக்கைத் தனிக் கவனத்தோடு படிக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை கொடுக்கும் ரிப்போர்ட் ஐந்து பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு பரிந்துரைக்கும் எவ்வளவு நேரம் மிச்சமாகும், எப்படிச் சரிபார்ப்பது, சரிவரவில்லை என்றால் எப்படித் திரும்பப் போவது என்ற மூன்றும் இருக்க வேண்டும். புதிய இண்டெக்ஸ் (தேடல் அட்டவணை) என்றால் 11ஜி முதல் இன்விசிபிளாக (ஆப்டிமைசர் கண்ணில் படாமல்) உருவாக்கி ஒரு செஷனில் மட்டும் சோதிக்கலாம். ஆனால் இன்விசிபிள் இண்டெக்ஸையும் இன்சர்ட், அப்டேட், டெலீட் சுமந்துகொண்டுதான் இருக்கும். அந்தச் செலவு முதல் நொடியிலிருந்தே தொடங்கிவிடும். புதிய ஸ்டாட்டிஸ்டிக்ஸை பென்டிங் நிலையில் (எல்லோருக்கும் அமலாக்காமல்) எடுத்து அப்படியே சோதிக்கலாம்.

இனி வகுப்பு. இந்தத் தொழிலில் கன்சல்டிங்கும் பாடம் நடத்துவதும் சேர்ந்தே வருகின்றன. ஒரு நிறுவனத்தில் பார்த்த நோயை வெளியே சொல்ல முடியாது. அதே நோயை வெற்று டேபிளில் உண்டாக்கிக் காட்டினால் சொல்லலாம், கேட்பவரும் வீட்டில் ஓட்டிப் பார்க்கலாம். ஸ்லைடில் எழுதிய எந்த வாக்கியத்துக்கும் ஓட்டிக் காட்டும் ஸ்கிரிப்ட் இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுவது நல்லது.

அடிக்கடி காட்டும் டெமோ இது: 10 லட்சம் ரோ உள்ள ஆர்டர் டேபிள், ரோ ஒன்று சுமார் 100 பைட், 8 கேபி பிளாக்கில் (டேட்டாபேஸ் ஒரு முறைக்குப் படிக்கும் துண்டு) ஏறத்தாழ 14,000 பிளாக். ‘நிலை’ என்ற காலத்தில் (column) 9,99,000 ‘முடிந்தது’, 1,000 ‘நிலுவை’. ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு) இல்லாமல் ஆப்டிமைசருக்குத் தெரிவது இரண்டு விதமான மதிப்பு உண்டு என்பது மட்டும். ஆளுக்கு 5 லட்சம் என்று பிரித்துக்கொண்டு ஃபுல் ஸ்கேன் (டேபிள் முழுவதையும் படிப்பது) போகும். சமமாகப் பிரிக்கும் இந்தக் கணக்கு 1979-இல் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் குழு வெளியிட்ட ஆய்விலேயே இருக்கிறது. ஹிஸ்டோகிராம் எடுத்ததும் ‘நிலுவை’ 1,000 என்று தெரிந்து இண்டெக்ஸுக்கு வரும். அடுத்து அதே குவெரியை பைண்ட் வேரியபிளோடு ஓட்ட வேண்டும். முதலில் ‘முடிந்தது’ என்று யாராவது ஓட்டினால் ஃபுல் ஸ்கேன் பிளான் நிலைத்துவிடும், பின்னால் ‘நிலுவை’ கேட்பவருக்கும் அதுவே. “நேற்று நன்றாக ஓடியது, இன்று ஓடவில்லை” என்ற புகாருக்கு இது ஒரு நேரடி விளக்கம். 11ஜி-யில் வந்த அடாப்டிவ் கர்சர் ஷேரிங் (மதிப்புக்கு ஏற்ப வேறு பிளான் எடுக்கும் வசதி) இதைப் பாதி சரிசெய்கிறது. ஒரு முறையாவது மோசமாக ஓடிய பிறகுதான் அது கற்றுக்கொள்ளும், கர்சர் (வைத்திருக்கும் குவெரியும் அதன் பிளானும்) மெமரியிலிருந்து வெளியேறினால் கற்றது போய்விடும்.

வகுப்பில் இந்த டெமோ கவிழும் இடங்கள் உண்டு. டேபிளை உருவாக்கியதும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்தால் ஹிஸ்டோகிராம் வராது, ஏனென்றால் அந்தக் காலத்தை குவெரியின் வேர் கிளாஸில் (நிபந்தனைப் பகுதியில்) யாரும் இதுவரை பயன்படுத்தவில்லை. குவெரியை ஒரு முறை ஓட்டிவிட்டு மறுபடி எடுத்தால் வந்துவிடும். காலையில் ஒத்திகை பார்த்துவிட்டு மதியம் அதே டேபிளில் காட்டினால் முதல் படியே தப்பாக வரும். ஸ்கிரிப்ட் டேபிளை டிராப் செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முதல் ஓட்டத்தில் டிஸ்கிலிருந்து படிப்பதும், பெரிய இன்சர்ட்டுக்குப் பின் வரும் பிளாக் கிளீனவுட்டும் (பிளாக்கில் மீந்த குறிப்புகளைத் துடைப்பது) எண்களைக் கெடுக்கும்; இரண்டாம் ஓட்டத்தின் எண்களைக் காட்டுங்கள்.

இதைவிட ஆழமான தவறு, ரேண்டமாக டேட்டா போடுவது. நிஜ டேபிளில் நிலுவை ஆர்டர்கள் பெரும்பாலும் நேற்றும் இன்றும் வந்தவை, கடைசி 14, 15 பிளாக்கில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். ரேண்டமாகத் தூவினால் அதே 1,000 ரோ ஏறக்குறைய 1,000 பிளாக்கில் சிதறும். எழுபது மடங்கு வித்தியாசம். ஆப்டிமைசர் இதை கிளஸ்டரிங் ஃபேக்டர் என்ற, சிதறலைக் காட்டும் எண்ணால் கணக்கிடுகிறது. டெஸ்ட் மெஷினில் கிடைத்த முடிவு புரொடக்‌ஷனில் பொருந்தாததற்கு இது முக்கியக் காரணம். டெமோவில் இரண்டு வடிவத்தையும் உருவாக்கிப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

லேப்புக்கு ஆரக்கிள் எக்ஸ்பிரஸ் எடிஷன் 21சி போதும்: 2 சிபியு திரெட், 2 ஜிபி மெமரி, 12 ஜிபி டேட்டா வரை. மாணவர் லேப்டாப்பில் 16 ஜிபி இருந்தால் நிம்மதி. ஆப்பிள் சிலிக்கான் மெஷின் கொண்டுவருபவருக்கு விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்86 இமேஜ் ஓடாது என்பதை முன்கூட்டியே சொல்லி மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். எல்லாம் உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே ஓடட்டும். மாநாட்டு அரங்கின் வைஃபையை நம்பி கிளவுடில் டெமோ வைக்காதீர்கள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஃபாண்ட் 20 பாயிண்டுக்குக் குறையாமல். 15 பேருக்கு மேல் போனால் ஒருவரே லேப் நடத்த முடியாது, உதவிக்கு இன்னொருவர் வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை எச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டுக்கும் கன்வெர்ட்டர், பிரிட்டனுக்கு மூன்று செவ்வக முள் பிளக், ஐரோப்பாவுக்கு இரண்டு உருண்டை முள் பிளக், ஸ்கிரிப்டும் விஎம்மும் (விர்ச்சுவல் மெஷின்) உள்ள தனி யுஎஸ்பி டிரைவ். விசாவில் கவனம்: மாநாட்டில் பேசப் போதுமான விசா, வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து கூலிக்கு வேலை செய்யவும் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஷெங்கன் பகுதியில் 180 நாளில் 90 நாள் என்பது எல்லா நாட்டுக்கும் சேர்த்து. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு பில் போடுபவர் ஜிஎஸ்டியில் எல்யுடி (உறுதிமொழிக் கடிதம்) தாக்கல் செய்தால் வரி கட்டாமல் ஏற்றுமதி பில் போடலாம். அது நிதியாண்டுக்கு ஒன்று, ஏப்ரலில் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். வரி வதிவிடச் சான்றிதழையும் (எந்த நாட்டில் வரி கட்டுபவர் என்பதற்கான சான்று) கையோடு வாங்கி வையுங்கள், இல்லையென்றால் அங்கே பிடிக்கும் வரி கூடுதலாகிவிடும்.

வகுப்பு முடிந்ததும் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் எந்த வெர்ஷனில் ஓட்டிப் பார்த்தது, வர வேண்டிய விடை என்ன, எந்த பாராமீட்டரை மாற்றியிருக்கிறோம் என்று எழுதியிருக்கட்டும். 12சி-யில் ‘கிரியேட் டேபிள் ஆஸ் செலக்ட்’ (குவெரியின் விடையிலிருந்து டேபிள் உருவாக்குவது) போட்டாலே அடிப்படை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தானாக வந்துவிடும், ஹிஸ்டோகிராம் மட்டும் வராது; 11ஜி-யில் எதுவுமே வராது. வெர்ஷன் எழுதாத ஸ்கிரிப்டை ஆறு மாதம் கழித்து ஓட்டிப் பார்ப்பவர், விடை மாறியது எதனால் என்று தெரியாமல் உங்களுக்குத்தான் மெயில் அனுப்புவார்.